கால் கழுவும் ஆராய்ச்சி

எங்கள் ஆஸ்பத்திரியில் கால் கழுவுவதற்கு ஆராய்ச்சி என்று பெயர். சிரிக்க வேண்டாம். எங்கெங்கோ எழுதிப்போட்டு அனுமதி வாங்கி, வெளிநாட்டிலிருந்து உதவி வந்து, முறைப்படி நடந்த ஆராய்ச்சி அது. யானைக்கால் வந்தவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைத்து, படுக்கும்போது தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால், அவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சல் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஆராய்ச்சியா என்று எங்கள் கேண்டீன்காரர் கேட்டார். அந்தக் காய்ச்சல் ஒருமுறை வந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

நான் தஞ்சாவூரில் அந்த ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள். கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தில் யானைக்கால் புழு இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் முதலில் என் வேலை. பெண் நோயாளிகள் ஆம்பிளைகள் முன்னால் புடவையை முழங்கால்வரை தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால், ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா என்னைக் கால் வேலைக்கும் இழுத்துக்கொண்டார். நான் நன்றாகப் பேசுவேன், முகம் சுளிக்க மாட்டேன் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது.

வீக்கத்தை அளக்க எங்களிடம் உயரமான ஒரு தகரத் தொட்டி இருந்தது. தொட்டியின் மூக்குவரை தண்ணீர் நிரப்பி, அதற்குள் காலை மெதுவாக இறக்கச் சொல்வோம். கால் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வரும். அதை வாளியில் பிடித்து அளப்போம். மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் குறுவை போன வருஷம் அது. பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, வாளி நிறைவதைப் பார்த்துவிட்டு, "எங்க வாய்க்கால்லகூட இவ்வளவு வரலம்மா. பேசாம என் கால வயல்ல எறக்கிப் பாக்கறேன்" என்றார். கழுத்தில் சிலுவை போட்ட கிறிஸ்தவ அக்கா அவர். அவர்கள் ஊர்க் கோயிலில் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவாராம். அக்காவின் வீட்டுக்காரரை வருஷா வருஷம் கூப்பிடுவார்களாம். அவருடையது நல்ல கால் என்று சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து தன் காலை எடுத்தார். அக்கா இருந்தால் அந்த அறையில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஆராய்ச்சியை எங்கள் டெல்டாப் பெண்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பாதிப் பேருக்குக் கழுவச் சொல்லித்தர வேண்டும், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லித்தர வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். இவர்களோ எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி, நாங்கள் சொல்லித்தந்ததை அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லாக் காலும் கழுவிய காலாகிவிடும். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொள்வார்.

இன்னொரு கூத்தும் உண்டு. அளக்க வரும் நாளில் கால் வீக்கமாகத் தெரியக் கூடாதாம். சொல்லிக்கொடுத்த டாக்டரம்மாவுக்கு அது மரியாதைக் குறைச்சலாம். அதனால் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, பழைய புடவையைக் கிழித்துக் கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து அவிழ்ப்பார்கள். சுற்றிய இடத்தில் தோல் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். கட்டாதீர்கள், ரத்தமும் நீரும் கீழே தங்கிப் பாதம் இன்னும் வீங்கும், தோல் வெடித்தால் அது வழியாகத்தான் காய்ச்சல் நுழையும் என்று நான் ஒவ்வொருத்தியிடமும் தொண்டை வற்றச் சொல்வேன். எல்லோரும் பவ்யமாகத் தலையாட்டுவார்கள்.

என் அம்மாவின் இடது கால் யானைக்கால்.

இந்த ஒரு வரியை நான் வாய்விட்டுச் சொல்ல எத்தனையோ வருஷம் ஆனது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. காய்ச்சல் வந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, அம்மா போர்வைக்குள் நடுங்கும் நாட்களில் "அம்மாவுக்கு முடியல" என்போம். அதோடு சரி. அம்மா புடவையைத் தரையைக் கூட்டும் அளவுக்கு இறக்கிக் கட்டுவாள். உட்கார்ந்தால் இடது காலை மடக்கி அடியில் வைத்துக்கொள்வாள். போட்டோவுக்கு நின்றால் நாற்காலிக்குப் பின்னால்தான். வயல் வேலைகளைத் தவிர எதையும் கவனிக்காதவர் என்று பெயரெடுத்த அப்பா, ஆம்பிளைச் செருப்பாக வாங்கி, வாரை நீளமாக்கித் தைத்துக் கொண்டுவந்து கொல்லையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். சிங்கப்பூரில் வேலை பார்த்த அண்ணன் "அம்மா கால்வலிக்கு" என்று தைலம் தைலமாக வாங்கி அனுப்புவான். எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது.

நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வீட்டு விஷயத்த அங்க சொல்லாத. தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பாங்க. உன்னக் கட்டிக்குடுக்கணும்." கொசுவால் வருகிற நோய், தாயிடமிருந்து மகளுக்கு வருவதல்ல என்று நான் தினமும் பெஞ்சு பெஞ்சாகப் பாடம் நடத்தினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமானால் காலைப் பற்றிப் பேச வேண்டும். ஊர்க் காலையெல்லாம் மடியில் தூக்கி வைத்துத் துடைத்துவிட்டு வந்து, அம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது நான் தட்டை மட்டும்தான் பார்த்தேன்.

இப்படியே ஓடியிருக்கும். அப்பாவுக்கு அறுபது வந்தது.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் விமரிசையாகச் செய்ய வேண்டும், எல்லாச் செலவும் தன்னுடையது, வீடியோவுக்குக்கூட ஆள் சொல்லியாகிவிட்டது என்றான். ஊரில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் அப்போது அதுதான் மோஸ்தர். அப்பா கூச்சப்பட்டாலும் உள்ளூரச் சந்தோஷப்பட்டார். அம்மா மட்டும் வேண்டாம் என்றாள். வீண் செலவு என்றாள், அறுவடை நேரம் என்றாள், அவ்வளவு தூரம் வேனில் வந்தால் வாந்தி வரும் என்றாள். உண்மைக் காரணம் வீட்டிலிருந்த எங்கள் மூவருக்கும் தெரியும். அறுபதாம் கல்யாணத்தில் பாத பூஜை உண்டு. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்து தாம்பாளத்தில் காலை வைக்க, பிள்ளைகள் சபை பார்க்கக் கழுவ வேண்டும்.

அண்ணி வீட்டில், சம்பந்தியம்மா ஏன் வேண்டாங்கறாங்க என்று கேட்டுவிட்டார்கள். மறுத்தாலும் பேச்சு, ஒத்துக்கொண்டாலும் ஆபத்து. இரண்டு நாள் யோசித்துவிட்டு அம்மா சரி என்றாள். அன்று மாலை என்னிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, பாத பூஜைக்கு விரல் நுனியை மட்டும் வைத்தால் போதாதா என்று கேட்டாள். போதும் என்றேன். காலை அப்போதாவது குனிந்து பார்த்திருக்கலாம். நான் விளக்குப் போட எழுந்து போனேன்.

கல்யாணப் புடவை எடுக்க அம்மா ஒருநாள் தஞ்சாவூர் வந்தாள். என் வேலை முடியும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரச் சொன்னேன். அன்று கால் கிளினிக் நாள். கால் கழுவிவிடும் வேலையை முடித்துவிட்டு லேபுக்கு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அம்மா பாபநாசத்து அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, யாராவது அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு என் அம்மா என்று தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அம்மாவைக் கிளப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

திருக்கடையூரில் கோயிலுக்குப் பக்கத்திலேயே மண்டபம். அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் புடவை கட்டினாள். பூ வைத்துவிடக் கழுத்தைத் தொட்டபோது சுட்டது. "வெயில்" என்றாள். மாலையும் கழுத்துமாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் அழகாக இருந்தாள். அண்ணி வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். என் ஜாதகத்தை வாங்கிப்போயிருந்த ஒரு குடும்பத்தையும் அப்பா அழைத்திருந்தார். அவர்களும் வந்திருந்தார்கள்.

பாத பூஜை வந்தது. அப்பாவின் காலை அண்ணனும் அண்ணியும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். தாம்பாளம் அம்மா பக்கம் நகர்ந்தது. அம்மா வலது காலை முழுசாக வைத்தாள். இடது பக்கம் புடவைக் கரைக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரிந்தது. ஐயருக்கு என்ன தெரியும் பாவம், "ரெண்டு பாதமும் நன்னா உள்ள வைங்கோம்மா" என்றார். அம்மா அசையவில்லை. அண்ணன் ஒத்தாசையாகக் குனிந்து அந்தக் காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். வீடியோக்காரர் விளக்கைக் கீழே திருப்பினார்.

நான் பார்த்ததிலேயே பெரிதாக வீங்கியிருந்தது அந்தப் பாதம். அண்ணன் கை ஒரு நொடி நின்றது. பிறகு தண்ணீரை ஊற்றினான். புடவைக்கு உள்ளிருந்து ஒரு துணி முனை நழுவித் தண்ணீரில் விழுந்தது. கிழிந்த உள்பாவாடை நாடா என்று நினைத்தானோ என்னவோ, அதை ஒதுக்கிவிடப் பிடித்து இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. பழைய நூல்புடவைக் கிழிசல், சுற்றுச் சுற்றாக, கெண்டைக்காலிலிருந்து அவிழ்ந்து வந்தது. கடைசிச் சுற்றில் மஞ்சளாக நீரும் கொஞ்சம் ரத்தமும் இருந்தன. அண்ணன் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தான். மண்டபத்தில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. யாரோ என் முதுகுக்குப் பின்னால், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில இதே வேலதானே பாக்குது என்றார்கள்.

அடுத்தது என் முறை. என்ன செய்ய வேண்டும் என்று அந்த மண்டபத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். பூஜையை நிறுத்தி, காலைத் துடைத்து, உயரத்தில் தூக்கி வைத்து, மருந்து தேட வேண்டும். நான் செம்பை வாங்கினேன். ஜாதகக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தேன். கை தொடாமல், உயரத்திலிருந்து, கொஞ்சம் தண்ணீரை ஊற்றினேன். என் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. அம்மா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாதான் எழுந்தார். தோளில் போட்டிருந்த புதுப் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து அம்மாவின் காலில் போர்த்தி, "அடுத்தத ஆரம்பிங்க சாமி" என்றார். கலச நீர் ஊற்றும்போது அம்மா குளிரில் நடுங்கினாள். தாலி கட்டும்போது பல் கிட்டியது. சாயங்காலம் வேனில் என் மடியில் தலை வைத்துப் படுத்து வந்தவள், மூன்று நாள் கண் திறக்கவில்லை.

அண்ணன் போவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக் கேட்டான். "நீ அங்கதானே வேல பாக்குற. ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?" தைலம் அனுப்பினாயே, நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. சண்டை போட்டால் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் லேசாகியிருக்கும். போடவில்லை. பிறகு வந்த வீடியோ கேசட்டில் அப்பாவின் காலைக் கழுவியதும் திரை முழுக்க ரோஜாப்பூக்கள் விரிந்தன. பூக்கள் மறைந்தால் கலசாபிஷேகம். வெட்டச் சொன்னது அண்ணனா அண்ணியா என்று நாங்கள் கேட்கவில்லை. ஜாதகம் தபாலில் திரும்பி வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அம்மாதான் அந்தக் கவரை வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த கிளினிக் நாளில் பாபநாசத்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கால் எப்புடிம்மா இருக்கு? கட்டினது தாங்குச்சா?" என்று கேட்டார். அன்று வராந்தா பெஞ்சில் அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எந்த வயதில் வந்தது, காய்ச்சல் வரும்போது எங்கே வலிக்கும், இடது கால் மெட்டியை எப்படி வெட்டி எடுத்தார்கள், திருக்கடையூரை நினைத்தால் தூக்கம் வருவதில்லை, எல்லாம். அங்கிருந்த பெண்கள் கூடி யோசித்துத்தான் நாலைந்து நாள் முன்னாலிருந்தே கெண்டைக்காலில் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிச் சுற்றுவது என்று ஒருத்தி தன் காலிலேயே காட்டியிருக்கிறாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது நடந்த பாடம். அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் அரை நாளில் சொல்ல முடிந்ததை, அம்மா நான் பிறந்ததிலிருந்து என்னிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்தாளே என்று நினைத்தபோது, அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

காய்ச்சல் விட்டு நடமாட ஆரம்பித்ததும் அம்மா தானாகவே, "இனிமே என்னத்த மறைக்கறது, நானும் அங்க வரேன்" என்றாள். அப்பா கூட்டிவந்தார். டாக்டரம்மாவிடம் என் அம்மா என்று சொன்னேன். இத்தனை நாளா ஏன் சொல்லல என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். புண்ணைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு, "உங்க பொண்ணவிட இத யாரு நல்லாச் சொல்லித்தருவா" என்று என்னிடம் வாளியையும் சோப்பையும் எடுத்துவரச் சொன்னார்.

"அவ வேணாம் டாக்டரம்மா" என்றாள் அம்மா. "வேற யாராச்சும் கழுவட்டும்."

கூச்சம் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு, வராந்தா ஓரம் அம்மாவை உட்கார வைத்து, என்னிடம் என்னம்மா வெட்கம் என்று கேட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னக் குத்தம் சொல்லலம்மா. இவங்க காலெல்லாம் நீ கழுவறப்ப அன்னிக்கு ஜன்னல் வழியா பாத்தேன். உன் மூஞ்சி அவ்வளவு நல்லா இருந்துச்சு. மண்டபத்துல என் கால பாத்தப்ப இருந்துச்சே ஒரு மூஞ்சி, அத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

நர்ஸ் வந்து அம்மாவைக் கூட்டிப்போனார். நான் லேபுக்குள் போய் உட்கார்ந்தேன். லேபுக்கும் கால் கழுவும் அறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை மட்டும்தான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பாபநாசத்து அக்காவின் குரல் கேட்டது. அம்மா ஏதோ சொன்னாள், அந்தப் பக்கமிருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, என்னம்மா சொன்னே, அப்படிச் சிரித்தார்களே என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா.